தேரி மண்ணும் ஸ்கூட்டர் பெல்ட் பாக்ஸும்: ஒரு நீண்டகால அனுபவம்

திசையன்விளை, இட்டமொழி பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் செம்மண் தூசியைப் பற்றி யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று, தேரி எனப்படும் செம்மணல் மேடுகளின் மணலை ரோடு வரைக்கும் கொண்டுவந்து சேர்க்கும். சட்டை, ஹெல்மெட், கண் இமை எல்லாம் சிவந்துவிடும். வெளியே ஒட்டுவதைத் துடைத்துக்கொள்ளலாம். இன்ஜினின் சுழற்சியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட் இருக்கிற பெட்டிக்குள், அதாவது ஸ்கூட்டரின் பெல்ட் பாக்ஸுக்குள் போவதுதான் கண்ணில் படாது.

என்னுடையது 110 சிசி கியர் இல்லாத ஸ்கூட்டர். வீடு பாளையங்கோட்டையில். நாங்குநேரி, இட்டமொழி, திசையன்விளை என்று கடைகளுக்குச் சரக்குப் போடுகிற வேலை. வண்டி 50,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இதுவரை இன்ஜின் பெரிய செலவு எதுவும் வைக்கவில்லை. திரும்பத் திரும்பக் கவனம் கேட்டது இடது பக்கம் நீளமாக மூடியிருக்கும் அந்தப் பெட்டிதான். கையேட்டில் 12,000-க்கு ஒருமுறை பெல்ட்டைப் பார்க்கவும், 24,000-க்கு மாற்றவும் சொல்லியிருக்கிறது. தார் ரோட்டில் மட்டும் போய்வருகிறவர்களுக்கு அது சரி. நம் மண்ணில் 6,000-க்கு ஒருமுறை திறந்தே ஆக வேண்டும் என்பது என் முடிவு. ஆடிக் காற்று ஓய்ந்ததும் ஒருமுறை திறந்துவிடுவது இன்னும் நல்லது.

தூசி உள்ளே போவது மூடி சரியில்லாததால் அல்ல. முன் புல்லியிலேயே விசிறி இதழ்கள் இருக்கின்றன. பெல்ட் சூடாகாமல் இருக்க அவை வெளிக்காற்றை உள்ளே இழுக்கின்றன. காற்றோடு மண்ணும் வருகிறது. பெல்ட் தேய்ந்து உதிரும் கரும்பொடியும், கிளட்ச் பெல் என்கிற கிண்ணத்தில் உரசிப் பிடிக்கும் கிளட்ச் ஷூ தேய்ந்து உதிரும் பொடியும் அதோடு சேர்கின்றன. இன்ஜின் வேகம் கூடக் கூட, முன் புல்லியோடு சேர்ந்த வேரியேட்டர் என்கிற பாகத்துக்குள் இருக்கும் ஆறு ரோலர்களும் வெளிப்புறமாக நகர்ந்து முன் புல்லியை நெருக்கும். பெல்ட் மேலே ஏறும், பின் புல்லி ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டு விரியும். கியர் மாறுவது என்று பார்த்தால் அவ்வளவுதான். 1984-இல் வந்த கைனடிக் ஹோண்டாவிலும் அடிப்படை இதேதான். இவ்வளவு எளிமையான அமைப்பில் ரோலர் ஓடும் பள்ளத்தில் பொடி அடைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ரோலர் உருளாமல் இழுபடும், ஒரு பக்கம் தட்டையாகத் தேயும், பிக்கப் போய்விடும்.

அறிகுறிகள் தெளிவாகவே தெரியும். திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் சரக்கோடு ஏறும்போது, நின்று கிளம்புகிற நேரத்தில் வண்டி உதறினால் அது பெரும்பாலும் கிளட்ச். இன்ஜின் அலறியும் வண்டி நகர மறுத்தால் பெல்ட் வழுக்குகிறது. முன்பு போன வேகம் இப்போது வரவில்லை என்றால் பெல்ட் அகலம் குறைந்திருக்கலாம், அல்லது ரோலர் தேய்ந்திருக்கலாம். கிக்கர் கிறீச்சிட்டு மெதுவாகத் திரும்பி வந்தாலும் மூடிக்குள் தூசி இருக்கிறது என்று பொருள். எனக்கு முதலில் வந்தது உதறல். பெல்ட் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். மூடியைக் கழற்றிய மெக்கானிக், "அண்ணாச்சி, பெல்ட்டுல ஒண்ணுமில்ல, தூசிதான் அடைஞ்சு கெடக்கு" என்றார். சுத்தம் செய்து மூடியதும் உதறல் போய்விட்டது. பக்கத்தில் இருந்து பார்த்துப் பழகி, இப்போது அந்த வேலையை வீட்டிலேயே செய்துகொள்கிறேன்.

முதலில் முகத்தில் மாஸ்க். உள்ளே இருப்பது வெறும் மண் இல்லை, கிளட்ச் பொடியும் கலந்தது. மூக்குக்கு நேராக ஏர் அடிப்பது கூடவே கூடாது. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, துணியால் துடைத்தாலே முக்கால்வாசி வந்துவிடும். புல்லி முகங்களைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடலாம். பெல்ட்டுக்குக் காய்ந்த துணி மட்டும்தான். பெட்ரோல், மண்ணெண்ணெய் பட்டால் ரப்பர் கெட்டுவிடும். கிளட்ச் ஷூ கண்ணாடி மாதிரி பளபளத்தால் எமெரி ஷீட்டால் லேசாகத் தேய்க்க வேண்டும். கிளட்ச் பெல்லின் உட்புறத்துக்கும் அதேதான். பெல் நீலம் பாய்ந்திருந்தால் ரொம்பச் சூடேறியிருக்கிறது. வண்ணார்பேட்டை நெரிசலில் ஆக்சிலரேட்டரைப் பாதி பிடித்தபடியே ஊர்ந்து போனால் அந்த நிலை வரும்.

கிரீஸ் விஷயத்தில் கை தாராளம் ஆகாது. என் வண்டியில் ரோலர்கள் காய்ந்தே ஓட வேண்டும். பின்பக்கப் புல்லியில் சிறு ஊசி (pin) ஓடும் பள்ளத்துக்கும் கிக்கர் தண்டுக்கும் மட்டும், சூடு தாங்கும் கிரீஸ் கொஞ்சம். கூடிப்போனால் அது சிதறி பெல்ட்டில் படும், அப்புறம் வழுக்கல்தான்.

மூடும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும், இதை அழுத்திச் சொல்கிறேன். முன் புல்லி நட்டை முடுக்குவதற்கு முன் பின் புல்லியைக் கையால் விரித்து, பெல்ட்டை அதன் பள்ளத்துக்குள் ஆழமாக இறக்கிவிட வேண்டும். அப்போதுதான் முன்பக்கம் பெல்ட் தொய்வாக நிற்கும். அப்படிச் செய்யாமல் முடுக்கினால் புல்லி முகம் பெல்ட்டைக் கடித்துக்கொள்ளும். நட் இறுகியது போலவே கையில் தெரியும், ஆனால் இறுகியிருக்காது. ஓட்டத்தில் அது தளர்ந்தால் இன்ஜினின் சுழல் தண்டான கிராங்கின் முனைப் பற்களே போய்விடும். பெல்ட் செலவு சில நூறு ரூபாய், கிராங்க் செலவு அப்படியில்லை. வேரியேட்டரை மாட்டும்போது பின் தட்டைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ரோலர் இடம் மாறி விழும். நட்டைக் கழற்ற விசிறி இதழில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நிறுத்துவதைச் சில பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். அலுமினிய இதழ் உடைந்துவிடும். புல்லியைப் பிடிக்கத் தனிக் கருவியே இருக்கிறது. பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் அது சுழலும் திசையில் இருக்க வேண்டும்.

பெல்ட்டைப் பின்புறமாக வளைத்துப் பார்த்தால் பற்களின் அடியில் வெடிப்பு இருந்தால் தெரியும். வெர்னியர் இருந்தால் அகலத்தை அளந்து கையேட்டு அளவோடு ஒப்பிடலாம். வெடிப்பு இல்லாவிட்டாலும் 24,000-இல் மாற்றிவிடுவதுதான் என் வழக்கம். வள்ளியூர் தாண்டி வெயிலில், சரக்கோடு, பெல்ட் அறுந்து நிற்பதை நினைத்தால் அந்தப் பணம் பெரிதாகத் தெரியாது. கம்பெனி பொருள்தான் வாங்குகிறேன். விலை குறைந்த ரோலர்கள் தட்டையாவதற்கு ரொம்ப நாள் எடுக்கவில்லை.

தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகி ஜங்ஷன் பக்கம் மூழ்கியபோது எத்தனையோ ஸ்கூட்டர்கள் நீரில் நின்றன. என் வண்டியிலும் பாதிக்கு மேல் தண்ணீர் ஏறியது. வடிந்ததும் எல்லோரும் பிளக்கையும் ஏர் ஃபில்டரையும் பார்த்தார்கள், பெல்ட் பாக்ஸைப் பலர் மறந்துவிட்டார்கள். உள்ளே வண்டல் படிந்து காய்ந்தால் அது உப்புத்தாள் வேலை செய்யும், பேரிங்கும் துருப்பிடிக்கும். நான் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே திறந்து, வண்டலைக் கழுவி, நிழலில் முழுதாகக் காயவைத்து, கிரீஸை மாற்றிவிட்டுத்தான் ஓட்டினேன். பின் சக்கரத்தின் கியர் ஆயிலையும் வடித்துப் பார்த்தேன். பால் கலந்த நிறத்தில் வந்தது, தண்ணீர் போயிருக்கிறது. அதற்குத் தேவைப்படுவது 100 மில்லிக்குச் சற்று மேல்தான். புது ஆயில் ஊற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி, மறுபடியும் வடித்து மாற்றினேன். இரண்டாம் முறை நிறம் தெளிவாக வந்தது. அந்தப் பேரிங்குகள்தான் இன்னும் ஓடுகின்றன.