மழை வந்தால் நனைகிற நிழற்குடை

எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் புதிதாக ஒரு பயணியர் நிழற்குடை வந்திருக்கிறது. எவர்சில்வர் பெஞ்சு, கிரானைட் தரை, ஆளுயரத்துக்கு ஒரு பெயர்ப்பலகை. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி என்று மஞ்சள் எழுத்தில், பக்கத்திலேயே எம்.எல்.ஏ. கைகூப்பிச் சிரிக்கிறார். நீலகிரியில் இருப்பது மூன்றே தொகுதி. அதில் எங்களுடையது எது என்று சொல்வதாக இல்லை. அம்மா அங்கேயேதான் இருக்கிறார்.

நாங்கள் இருக்கிற கனடாவின் டொராண்டோவில் பள்ளி விடுமுறை ஜூலையில்தான், அதனால் எப்போதும் மழையோடுதான் ஊருக்கு வருகிறோம். இ-பாஸ், சோதனைச் சாவடி, சிம் கார்டு எல்லாம் அது பாட்டுக்கு நடந்தது. மறுநாள் காலை அம்மாவோடு டவுனுக்குப் போக ஸ்டாப்பில் நின்றோம். நின்றோம் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் உட்கார முடியவில்லை. நிழற்குடைக்கு மூன்று பக்கமும் சுவர் கிடையாது. மலையின் மேற்குப் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழை மேலிருந்தா பெய்கிறது? பக்கவாட்டில் அல்லவா வருகிறது! 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டிய மாவட்டம் இது. பெஞ்சு முழுக்கத் தண்ணீர். வரிசையாகப் பெண்கள், நிழற்குடைக்குள் குடை பிடித்துக்கொண்டு.

முன்பு அங்கே கல் கட்டடம் ஒன்று இருந்தது, எனக்கு நினைவிருக்கிறது. தகரக் கூரை, மூன்று பக்கமும் கல் சுவர், உள்ளே ஒரே இருட்டு, பீடி நாற்றம், மூலையில் யாராவது வீட்டு ஆடு. ஆனால் நனைந்ததில்லை. சுள்ளி பொறுக்கி வந்து உள்ளேயே தீ மூட்டிக் குளிர் காய்ந்தபடி முதல் பஸ்ஸுக்குக் காத்திருப்போம். அதை இடித்துவிட்டுத்தான் இதைக் கட்டியிருக்கிறார்கள். கோயம்புத்தூர் வெயிலுக்குப் போட்ட வரைபடத்தை அப்படியே மலைக்கு ஏற்றிவிட்டார்கள் என்பது என் சந்தேகம்.

டொராண்டோவில் என்றால் மாநகராட்சியின் 311 என்ற எண்ணுக்கு ஒரு போன் போதும். புகார் எண் ஒன்று வரும். கவுன்சிலர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஸ்டாப்பில் யார் பெயரும் இருக்காது. ஆனால் பனிக்காற்றுக்குக் கண்ணாடித் தடுப்பு இருக்கும். இதை அம்மாவிடம் சொன்னேன். "சரி, இங்க அவரு வீடு எங்க இருக்குன்னு எல்லாருக்கும் தெரியுமே. மனு எழுதிட்டு வா, போவோம்" என்றார்.

அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் வைத்து எழுதினேன். காலையில் எம்.எல்.ஏ. அலுவலகத்தில் நாற்பது பேராவது இருப்பார்கள். பட்டா, முதியோர் பென்ஷன், யானை வந்து மிதித்த வாழை, காலேஜ் சீட்டு. ஒரு தம்பி எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டே மனுக்களை வாங்கி அடுக்கினான். "அண்ணன் வந்துருவாங்கம்மா, உட்காருங்க."

அண்ணன் வந்தார். அம்மாவின் கையைப் பிடித்து, "மழைல எதுக்கும்மா வந்தீங்க, தம்பிகிட்ட சொல்லி விட்டிருக்கலாமே" என்றார். நான் கட்டடத்தைப் பற்றி ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டார், அதை மறுப்பதற்கில்லை. ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் நிதி என்றாலும் எதைக் கட்டலாம் என்று பரிந்துரைப்பது மட்டும்தான் அவர் வேலையாம். அனுமதி கலெக்டரிடம், கட்டுவது உள்ளாட்சி, கட்டிய பிறகு பராமரிப்பதும் அவர்களே. அப்படியென்றால் படம் மட்டும் எதற்கு உங்களுடையது என்று வாய் வரை வந்தது. அம்மா முழங்கையால் இடித்தார்.

வெளியே வந்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அம்மாவுக்கோ திருப்தி. 2024-லிருந்து மலையிலும் பெண்களுக்கு சாதாரண பஸ்ஸில் டிக்கெட் காசு இல்லை என்பதே அவருக்குப் பெரிய விஷயம். "உங்க ஊர்ல பஸ்ஸுக்கு எவ்ளோ குடுக்கற?" என்று கேட்டார். மூன்று டாலருக்கு மேல் என்றதும் அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் அன்று சாயங்காலமே அந்த டீ தம்பி இரண்டு பையன்களோடு வந்து நின்றான், இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. கையில் கயிறு, பழைய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்று. எம்.எல்.ஏ.வின் பிறந்தநாள் வாழ்த்து. அதை மேற்குப் பக்கம் தூணோடு தூணாக இழுத்துக் கட்டினார்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையே விடாத மாவட்டத்தில் இதை எப்படி விடுகிறார்கள் என்று கேட்கவில்லை, ஏனென்றால் சாரல் நின்றுவிட்டது. பெஞ்சைத் துடைத்துவிட்டு அம்மா உட்கார்ந்தார். டொராண்டோவில் புகார் எண்தான் அன்றே வரும், ஆள் வர மாட்டான்.

நாங்கள் கிளம்புவதற்குள் ஒரு பொறியாளரும் டேப்போடு வந்து அளந்துவிட்டுப் போனார். பக்கச் சுவருக்குத் தனியாக எஸ்டிமேட் போட வேண்டுமாம், அடுத்த நிதியாண்டில் பார்க்கலாமாம். தம்பி என் வாட்ஸ்அப் எண்ணை வாங்கிக்கொண்டான். "அக்கா, சுவர் எழும்புனதும் போட்டோ அனுப்பறேன்." தினமும் காலை ஆறு மணிக்கு அனுப்புகிறான், தவறாமல். ரோஜாப்பூ, காலை வணக்கம், மேலே ஓரத்தில் அண்ணன் கைகூப்பியபடி.