பவர்டாய்ஸ்: எதை ஆன் செய்வது, எதை அணைத்து வைப்பது

தினமும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற, ஆனால் கம்ப்யூட்டர் துறையில் இல்லாத ஒருவர் ஒரே ஒரு ஆப் சொல்லுங்கள் என்று கேட்டால் நான் பவர்டாய்ஸைத்தான் சொல்வேன். விண்டோஸில் அன்றாட வேலைகளை எளிதாக்குகிற சின்னச் சின்னக் கருவிகளின் தொகுப்பு இது, மைக்ரோசாஃப்டே தருகிறது. முழுக்க இலவசம், விளம்பரத் தொல்லை கிடையாது, மூல நிரலும் கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரி திறந்தே இருக்கிறது. பெயர் பழசுதான். விண்டோஸ் 95 காலத்திலேயே இதே பெயரில் சின்னச் சின்னக் கருவிகளின் தொகுப்பு ஒன்று வந்தது, எக்ஸ்பி காலத்திலும் வந்தது, அப்புறம் நீண்ட இடைவெளி விட்டு 2019-இல் ஓப்பன் சோர்ஸாகத் திரும்பி வந்து இன்றுவரை வளர்ந்துகொண்டே இருக்கிறது.

வளர்ந்துகொண்டே இருப்பதுதான் சிக்கலும். உள்ளே இருபதுக்கும் மேற்பட்ட கருவிகள் இருக்கின்றன, அறிமுகப்படுத்துகிற பலரும் அத்தனையையும் வரிசையாக அடுக்கி எல்லாமே அருமை என்று முடித்துவிடுகிறார்கள். புதிதாக ஒருவர் அதைப் படித்து இன்ஸ்டால் செய்து, செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, இத்தனை பட்டன்களா என்று மலைத்துப்போய் மூடிவிடுவார். டைப் அடிப்பது, போட்டோ அனுப்புவது, ஃபார்ம் நிரப்புவது, பிடிஎஃப் பார்ப்பது என்று புழங்குகிறவருக்கு இதில் ஆறேழு போதும். மீதியைத் தயங்காமல் அணைத்து வையுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது.

ஆனால் இன்ஸ்டால் செய்வதற்கு முன்னால் விண்டோஸுக்குள் ஏற்கெனவே இருப்பதைப் பழகிக்கொள்ளுங்கள், ஏனென்றால் பவர்டாய்ஸ் செய்கிற சில வேலைகள் கையிலேயே இருக்கின்றன. முதலில் கிளிப்போர்டு, அதாவது காப்பி செய்தவை தற்காலிகமாகத் தங்குகிற இடம். விண்டோஸ் கீயோடு வி தட்டினால் நீங்கள் கடைசியாக காப்பி செய்தவை எல்லாம் பட்டியலாக வரும், முதல் தடவை மட்டும் ஆன் செய்யச் சொல்லிக் கேட்கும். 2018 முதல் இருக்கிறது, இன்னும் பாதிப் பேருக்குத் தெரியாது. 25 வரை வைத்துக்கொள்ளும், ரீஸ்டார்ட் செய்தால், ஊசி ஐகானைத் தட்டிப் பின் (pin) செய்து வைத்தவை தவிர மற்றவை போய்விடும். முகவரி, வங்கிக் கணக்கு எண், அடிக்கடி ஒட்ட வேண்டிய ஒரே மாதிரி பதில் என்று எதையும் இங்கே பின் செய்து வைக்கலாம். பாஸ்வேர்டை காப்பி செய்தால் அதுவும் இந்தப் பட்டியலில் வந்து உட்காரக்கூடும் என்பதை மறக்க வேண்டாம், அடுத்தவரும் பயன்படுத்துகிற கம்ப்யூட்டர் என்றால் உடனே அழித்துவிடுங்கள்.

விண்டோஸ் கீ, ஷிஃப்ட், எஸ் மூன்றும் சேர்ந்தால் திரையில் வேண்டிய பகுதியை மட்டும் படம் எடுக்கலாம். பிரவுசரில் தவறுதலாக மூடிய டேபைத் திறக்க கன்ட்ரோல், ஷிஃப்ட், டேப் என்பதன் முதலெழுத்தான டி. திரை திடீரென்று கருப்பாகி நின்றுவிட்டால் பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதற்கு முன்னால் விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து ஒருமுறை தட்டிப் பாருங்கள். பிளாக் என்பதன் பி என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். அது திரையில் காட்சியைக் கொண்டுவருகிற கிராபிக்ஸ் டிரைவரை மட்டும் மறுபடி தொடங்க வைக்கும், திறந்திருக்கிற ஃபைல்கள் அப்படியே இருக்கும். எல்லாக் கருந்திரையும் இதில் சரியாகிவிடாதுதான், ஆனாலும் சேமிக்காத வேலை உள்ளே இருக்கும்போது இதை முயலாமல் மெஷினை அணைப்பது நியாயமில்லை.

சரி, பவர்டாய்ஸுக்கு வருவோம். இதில் என் முதல் ஓட்டு பவர்ரீநேமுக்கு. போனிலிருந்து கொண்டுவந்த போட்டோக்கள், ஸ்கேனர் தானாகப் பெயர் வைத்த ஃபைல்கள், மெயிலில் இறக்கியவை என்று எல்லார் கம்ப்யூட்டரிலும் அர்த்தமில்லாத பெயரோடு ஒரு கூட்டம் இருக்கும். எல்லாவற்றையும் செலக்ட் செய்து ரைட் கிளிக் செய்தால் பவர்ரீநேம் என்று ஒரு வரி வரும். திறக்கிற பெட்டியில் மேலே எந்தச் சொல்லைத் தேட வேண்டும், கீழே அதற்குப் பதில் என்ன வேண்டும் என்று கொடுக்க வேண்டியதுதான். இதன் பெரிய பலம் என்னவென்றால் பழைய பெயரும் வரப்போகிற புதுப் பெயரும் பக்கம் பக்கமாகக் கண்முன்னால் தெரியும், அப்ளை கொடுக்கும்வரை ஒரு ஃபைலும் மாறாது, ஒன்றிரண்டை மட்டும் விட்டுவிட வேண்டுமென்றால் அதன் டிக்கை எடுத்துவிடலாம். மாற்றிய பிறகு பிடிக்கவில்லை என்றாலும் அதே ஃபோல்டரில் கன்ட்ரோல் இசட் போட்டால் பழைய பெயர்கள் திரும்பிவிடும்.

இன்னும் கொஞ்சம் ஆர்வம் இருந்தால் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (சொல்லுக்குப் பதில் குறியீடுகளால் தேடுகிற முறை) என்ற டிக்கைப் போட்டுக்கொண்டு, மாற்றம் ஃபைல் பெயருக்கு மட்டும், .jpg போன்ற பின்னொட்டுக்கு வேண்டாம் என்றும் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். தேடும் பெட்டியில் ^ என்று மட்டும் கொடுத்தால் பெயருக்கு முன்னால் ஒரு சொல்லைச் சேர்க்கலாம், $ கொடுத்தால் கடைசியில். .* என்று கொடுத்தால் முழுப் பெயரும் மாறும், வரிசை எண் போடுகிற தேர்வையும் ஆன் செய்து புதுப் பெயரோடு ${} என்று சேர்த்தால் பூஜ்யத்திலிருந்து எண் ஏறிக்கொண்டே போகும். இவ்வளவு வேண்டாம், நாலைந்து ஃபைல்தான் என்றால் விண்டோஸிலேயே எல்லாவற்றையும் செலக்ட் செய்து எஃப் 2 தட்டி ஒரு பெயர் கொடுங்கள், அதுவே அடைப்புக்குள் எண் போட்டுக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர் என்றால் எஃப் 2 தட்டிப் பெயரடித்துவிட்டு என்டருக்குப் பதில் டேப் கீ தட்டுங்கள், அடுத்த ஃபைலின் பெயர் தயாராக நிற்கும். ஒவ்வொன்றாக ரைட் கிளிக் செய்து ரீநேம் தேடுகிற வேலை மிச்சம்.

இமேஜ் ரீசைஸர் அடுத்தது. இதுவும் ரைட் கிளிக்கில்தான். செலக்ட் செய்த அத்தனை படங்களும் ஒரே தட்டில் சின்னதாகும், 854க்கு 480, 1366க்கு 768, 1920க்கு 1080 என்று சில அளவுகள் தயாராக இருக்கின்றன, நமக்கு வேண்டிய அளவையும் சேர்த்துக்கொள்ளலாம். மூலப் படத்தைத் தொடாமல் பக்கத்தில் புதுப் பிரதி போடும். மூலத்தையே மாற்று என்ற ஒரு டிக் இருக்கிறது, அதைப் போடாதீர்கள், சின்னதாக்கிய படத்தைப் பழையபடி பெரிதாக்க எந்த வழியும் இல்லை. மெட்டாடேட்டாவை நீக்கு என்ற டிக்கைப் போட்டால் போட்டோவுக்குள் மறைந்திருக்கிற இடம், தேதி போன்ற விவரங்களும் போய்விடும், முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்பும்போது இது ரொம்ப நல்லது. குறை ஒன்று, அதுவும் பெரிய குறை: ஆன்லைன் ஃபார்ம்கள் எல்லாம் படம் இத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும் என்று கேட்கின்றன, இதில் கேபி கணக்கு கொடுக்கவே முடியாது, நீள அகலம் மட்டும்தான். அளவைக் குறைத்துக் குறைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். இத்தனை வருடமாக இதைச் சேர்க்காமல் இருப்பது எனக்குப் புரியவே இல்லை, சாதாரண ஆட்களுக்கு அதிகம் தேவைப்படுவதே அதுதானே.

ஒரு ஃபைலை அழிக்கப் போனால் இது வேறொரு புரோகிராமில் திறந்திருக்கிறது என்று விண்டோஸ் சொல்லும், சில நேரம் எந்தப் புரோகிராம் என்று மட்டும் சொல்லாது. அந்த இடத்துக்குத்தான் ஃபைல் லாக்ஸ்மித். ரைட் கிளிக் செய்து கேட்டால் யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று காட்டும், அங்கேயே அதை மூடியும் விடலாம். மூடுவதற்கு முன் அந்தப் புரோகிராமில் சேமிக்காத வேலை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இது தயவு தாட்சண்யம் இல்லாமல் மூடிவிடும். பென் டிரைவை எடுக்க விடாமல் அடம்பிடிக்கும்போதும் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஃபைண்ட் மை மவுஸ் சின்ன விஷயம்தான், ஆனால் வீட்டுப் பெரியவர்களின் கம்ப்யூட்டரில் முதலில் ஆன் செய்ய வேண்டியது இதுதான் என்பேன். இடது பக்க கன்ட்ரோல் கீயை இரண்டு தடவை தட்டினால் திரை முழுக்க மங்கி, மவுஸ் அம்பு இருக்கிற இடம் மட்டும் வட்டமாக வெளிச்சமாகும். இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இது இல்லாமல் முடியாது. கண் பார்வை மங்கியவர்களுக்கு விண்டோஸ் செட்டிங்ஸில் அம்பையே பெரிதாக்கி நிறம் மாற்றிக் கொடுப்பதையும் சேர்த்துச் செய்யுங்கள்.

ஆல்வேஸ் ஆன் டாப்: விண்டோஸ் கீ, கன்ட்ரோல், டாப் என்பதன் டி. கையில் இருக்கிற விண்டோ மற்ற எல்லாவற்றுக்கும் மேலே நின்றுவிடும், சுற்றி நிறக் கோடு போட்டு அடையாளமும் காட்டும். ஒரு ஃபார்மை நிரப்பிக்கொண்டே கால்குலேட்டரையோ குறிப்பையோ பார்க்க வேண்டியிருக்கும்போது ஆல்ட் டேப் தட்டிக்கொண்டே இருக்க வேண்டாம். முடிந்ததும் அதே கீகளைத் தட்டினால் விட்டுவிடும்.

கீபோர்டு மேனேஜர் ஒரு கீ உடைந்துபோனவர்களுக்கு உயிர் காக்கிற விஷயம், பயன்படாத வேறொரு கீக்கு அந்த வேலையைக் கொடுத்துவிடலாம், புது கீபோர்டு வரும்வரை ஓட்டலாம். ஒரு எச்சரிக்கை: பவர்டாய்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் இது வேலை செய்யும், லாகின் திரையில் வேலை செய்யாது. உடைந்த எழுத்து உங்கள் பாஸ்வேர்டில் இருந்தால் லாகின் திரையின் மூலையில் இருக்கிற அக்சஸிபிலிட்டி ஐகானைத் தட்டி ஆன்ஸ்கிரீன் கீபோர்டை வரவழைத்து மவுஸாலேயே அடித்துக்கொள்ளுங்கள்.

அவேக் பற்றி ஒரு வரி போதும். பெரிய டவுன்லோட் ஓடும்போது கம்ப்யூட்டர் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளும், பவர் செட்டிங்ஸைத் தொட வேண்டியதில்லை.

இனி அணைக்க வேண்டியவை. எல்லோரும் புகழ்கிற ஃபேன்ஸிஜோன்ஸ் சாதாரண அளவு மானிட்டரில் எனக்குத் தேவையாகப் படவில்லை. விண்டோஸ் 11-இல் விண்டோஸ் கீயோடு இசட் தட்டினாலே திரையைப் பிரிக்கிற கட்டங்கள் வந்துவிடுகின்றன, விண்டோஸ் 10 என்றால் விண்டோஸ் கீயும் அம்புக்குறி கீகளும் இருக்கின்றன. அகன்ற பெரிய மானிட்டர் வைத்திருப்பவர்கள் மட்டும் ஆன் செய்யுங்கள், அவர்களுக்கு இது நிஜமாகவே பிரமாதம், ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு விண்டோவை இழுத்தால் நாம் வரைந்த கட்டத்தில் கச்சிதமாக உட்காரும்.

டெக்ஸ்ட் எக்ஸ்ட்ராக்டர் படத்தில் இருக்கிற எழுத்தை காப்பி செய்ய உதவும். ஆனால் இது விண்டோஸில் இருக்கிற எழுத்துணரி மொழிகளை நம்பியிருக்கிறது, அதில் தமிழ் இல்லை. ஆங்கிலத்துக்கு மட்டும் என்றால் விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலிலேயே அந்த வசதி வந்துவிட்டது. பவர்டாய்ஸின் மெனுக்களும் தமிழில் கிடையாது. இவ்வளவு உபயோகமான ஒன்றை ஆங்கிலம் தடவித் தடவிப் படிக்கிறவர்களிடம் கொண்டுபோக முடியாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆப் திறக்கவும் தேடவும் இருக்கிற பவர்டாய்ஸ் ரன், கமாண்ட் பேலட் இரண்டும் வேகமானவைதான், ஆனால் விண்டோஸ் கீ தட்டிவிட்டு நேராகப் பெயரை டைப் செய்யப் பழகியவருக்கு அவை அவசியமில்லை. ஃபைல் தேடுவதுதான் உங்கள் தலைவலி என்றால் எவ்ரிதிங் என்கிற இன்னொரு இலவச ஆப்பைப் பாருங்கள். டிஸ்க்கில் உள்ள ஃபைல்களின் பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே வாசித்து வைத்துக்கொள்வதால், நாம் அடிக்க அடிக்கவே விடை வந்துவிடும். ஃபைலின் பெயர் கொஞ்சமாவது நினைவிருந்தால் இதைவிட வேகமாக வேறெதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஹோஸ்ட்ஸ் ஃபைல் எடிட்டர், ரெஜிஸ்ட்ரி பிரிவ்யூ, என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் மூன்றும் புரோகிராமர்களுக்கும் கம்ப்யூட்டர் பராமரிக்கிறவர்களுக்கும் ஆனவை. அணைத்துவிடுங்கள்.

அணைப்பதில் இன்னொரு லாபம் இருக்கிறது. ஒவ்வொரு கருவியும் ஒரு கீ கூட்டணியைத் தனக்கென்று பிடித்து வைத்துக்கொள்கிறது. வேறு சாஃப்ட்வேரில் நீங்கள் வழக்கமாகத் தட்டுகிற ஷார்ட்கட் திடீரென்று வேலை செய்யவில்லை என்றால் முதலில் இங்கே பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் கீயை மாற்றிக்கொள்ளலாம். நினைவகம் குறைந்த பழைய மெஷினில் பின்னணியில் ஓடுகிற சுமையும் குறையும். அதே மெஷினில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் தட்டி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஸ்டார்ட்அப் பகுதியில் தேவையில்லாமல் தானாகக் கிளம்புகிறவற்றையும் நிறுத்திவிடுங்கள், அதில் கிடைக்கிற வேகம் பல நேரம் இதைவிட அதிகம்.

மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்தோ கிட்ஹப்பில் உள்ள அதிகாரபூர்வப் பக்கத்திலிருந்தோ மட்டும் இறக்குங்கள், மற்ற டவுன்லோட் தளங்கள் வேண்டாம். விண்டோஸ் 11 அல்லது 2020 மே மாதம் வந்த பதிப்போ அதற்குப் பிந்தையதோ ஆன விண்டோஸ் 10 இருக்க வேண்டும். அலுவலகக் கம்ப்யூட்டர் என்றால் கேட்டுவிட்டுப் போடுங்கள். எல்லாம் உங்கள் வசதிக்கு அமைந்த பிறகு ஜெனரல் பக்கத்தில் பேக்கப் என்று ஒரு பட்டன் இருக்கும், அதை ஒருமுறை தட்டி, அந்த ஃபைலை வேறொரு டிரைவில் போட்டு வைத்துக்கொண்டால் புது மெஷினில் மறுபடி ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு உட்கார வேண்டாம்.