டிராக், கிரேப், கிராப்: மீக்கடத்தி கியூபிட்டுக்கு எந்தத் துடிப்பு?

குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகான கியூபிட்டை, மீக்கடத்திச் சுற்றாலான டிரான்ஸ்மான் வகையில், 0, 1 என்ற இரு நிலைகளோடு வரைந்து காட்டுவது வழக்கமென்றாலும், அதற்கு மேலும் பல நிலைகள் உண்டு; சிக்கலே அங்குதான் தொடங்குகிறது. 0-இலிருந்து 1-க்குத் தாவ ஏறத்தாழ 5 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலை தேவைப்படுமானால், 1-இலிருந்து 2-க்கான தாவல் அதைவிட 200 முதல் 300 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே தாழ்வாக இருக்கும். இத்தாவலுக்காகச் செலுத்தும் குறுகிய நுண்ணலைத் துடிப்பின் நேரத்தைச் சுருக்கினால் அதன் அலைக்கற்றை அகன்று மூன்றாம் நிலைக்குக் கசிவு ஏற்படுகிறது. நீட்டினாலோ கியூபிட் தன் நிலையைக் காத்து நிற்கும் ஆயுள் கரைகிறது. ஆயுள் 100 மைக்ரோநொடியாக இருந்தால், 20 நானோநொடி வாயிலில் (கியூபிட்டின் மீது செய்யும் ஓர் அடிப்படைச் செயலில்) சிதைவினால் மட்டுமே பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவில் பிழை வந்துவிடும்.

2009-இல் மோட்சோய், கம்பெட்டா, ரெபென்ட்ராஸ்ட், வில்ஹெல்ம் ஆகியோர் முன்வைத்த டிராக் என்னும் துடிப்பு வடிவமைப்பு முறை, மணி வடிவத் துடிப்போடு அதன் வகைக்கெழுவையும் (மாறும் வீதத்தையும்) 90 பாகை கட்டம் தள்ளிச் சேர்த்துக் கசிவை அடக்குகிறது. வீச்சு, வகைக்கெழுவின் கெழு, சிறு அதிர்வெண் திருத்தம் ஆகிய மூன்றை மட்டுமே சரிசெய்தால் போதும். கியூபிட்டை 0-இலிருந்து 1-க்குப் புரட்டும் 180 பாகைச் சுழற்சியையும் அதன் எதிர்ச் சுழற்சியையும் மாறி மாறிப் பலமுறை செலுத்தி, கியூபிட் தொடங்கிய நிலையை விட்டு மிகக் குறைவாக விலகும் கெழுவைத் தேர்ந்துகொள்ளலாம்; ஒரு முறை செலுத்தினால் கண்ணுக்குத் தெரியாத பிழை, திரும்பத் திரும்பச் செலுத்தும்போது சேர்ந்து பெருகி வெளிப்படுகிறது.

இரண்டாவது முறையான கிரேப் 2005-இல் அணுக்காந்த ஒத்ததிர்வுத் துறையில் பிறந்தது. துடிப்பைச் சிறு காலத்துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் வீச்சையும் எப்பக்கம் நகர்த்தினால் துல்லியம் கூடும் என்பதைச் சாய்வுக் கணக்கால் அறிந்து திருத்துகிறது. கணினித் திரையில் இதை வெல்வது கடினம். ஆனால் நொடிக்கு நூறு கோடி புள்ளிகள் தரும் அலைவடிவ ஆக்கியில் 20 நானோநொடிக்கு 20 புள்ளிகளே கிடைக்கின்றன. அந்தக் கரடுமுரடான வடிவமும் வடிகட்டி, கலப்பி, கம்பி ஆகியவற்றைத் தாண்டிக் கியூபிட்டை அடையும்போது உருமாறிவிடுகிறது. அந்த உருமாற்றத்தைக் கருவியின் கணித மாதிரியில் சேர்க்காமல் கணக்கிட்ட துல்லியம் காகிதத் துல்லியமே.

2011-இல் வந்த கிராப் முறை, துடிப்பைச் சில மென்மையான சார்புகளின் கூட்டலாக எழுதி, அவற்றின் கெழுக்களை மட்டும் தேடுகிறது. சாய்வே தேவைப்படாததால் கருவியின் அளவீட்டையே நேரடியாக இலக்காக வைக்கலாம். 2018-இன் கோட் முறையோ இத்தகைய மென்மையான வடிவங்களுக்கும் சாய்வைத் துல்லியமாகத் தருகிறது. எனினும் அதற்கு நம்பத்தக்க மாதிரி வேண்டும்.

ஒற்றைக் கியூபிட் வாயிலுக்கு டிராக்கை விட்டு விலகக் காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒத்ததிர்வுக் குழிவின் (நுண்ணலையைத் தேக்கிவைக்கும் பெட்டியின்) பல நிலைகளில் தகவலைக் குறியிடும்போது நிலைமை தலைகீழாகிறது: கையால் எழுதத்தக்க சூத்திரம் கிடைப்பது அரிது என்பதால் கிரேப்பே கைகொடுக்கிறது. யேல் பல்கலைக்கழகக் குழு 2017-இல் இவ்வழியில்தான் அத்தகைய கியூபிட்டுக்கான முழு வாயில் தொகுதியைச் செய்து காட்டியது. அங்கும் கியூபிட்டின் அதிர்வெண் நகர்ந்துவிட்டால், டிராக்கில் போல ஓரிரு எண்களைத் திருகிச் சமாளிப்பது எளிதன்று. மாதிரியைப் புதுப்பித்துத் துடிப்பை மீண்டும் கணக்கிட வேண்டியிருக்கும்.