மேல்மலை சோலார் மோட்டார்: சாஃப்ட் ஸ்டார்ட்டரா, வி.எஃப்.டி.யா?

கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் தோட்டத்து வீட்டுக்கு சோலார் போட்டால் ஏ.சி. கவலை கிடையாது, தண்ணீர் மோட்டார்தான் தலைவலி. 1 எச்.பி. மோட்டாரை ஓட்டத் தெம்புள்ள இன்வர்ட்டர்கூட, அது கிளம்பும் நொடியில் அணைந்துவிடும். நேரடியாகக் கிளப்பினால் ஓடும்போது எடுப்பதைப்போல 5 முதல் 7 மடங்கு மின்னோட்டத்தை மோட்டார் இழுக்கும். இதைத் தணிக்க இரண்டு கருவிகள் உண்டு: மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றி மோட்டாரைக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டர், மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி மோட்டாரின் வேகத்தையே கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி.

கிளம்பும் இழுப்பு: சாஃப்ட் ஸ்டார்ட்டர் அதை ஏறக்குறைய பாதியாக்கும். வி.எஃப்.டி. அதிர்வெண்ணையே கீழிருந்து ஏற்றுவதால் உதைப்பே தெரியாது.

செலவு: சாஃப்ட் ஸ்டார்ட்டர் மலிவு. சிங்கிள் பேஸுக்கான மாடலாகப் பார்த்து வாங்கினால் பழைய மோட்டாரே போதும். வி.எஃப்.டி.க்குப் பெரும்பாலும் த்ரீ பேஸ் மோட்டார் வேண்டும். கெபாசிட்டர் வைத்த சிங்கிள் பேஸ் மோட்டாரில் சாதாரண வி.எஃப்.டி.யைத் தயவுசெய்து மாட்டாதீர்கள்.

மூடுபனி: நம் ஊருக்கு முக்கியமானது இதுதான். சாஃப்ட் ஸ்டார்ட்டரின் வேலை கிளப்புவதோடு சரி. அப்புறம் முழு வேகம், முழு மின்சாரம். சோலார் பம்ப் வி.எஃப்.டி. வெயில் மங்கினால் வேகத்தைக் குறைத்து ஓட்டும். ஆனால் பள்ளத்து ஓடையிலிருந்து மேட்டுத் தொட்டிக்கு ஏற்றும்போது வேகம் ரொம்ப இறங்கினால் மோட்டார் சுற்றும், தண்ணீர் ஏறாது.

உயரம்: கொடைக்கானல் 2,100 மீட்டர். மெல்லிய காற்றில் சூடு சரியாக இறங்காது. வி.எஃப்.டி.யை ஒரு அளவு பெரிதாகவே வாங்குங்கள்.

பேட்டரி இருக்கிறது, தினம் அரை மணி நேரம் தொட்டி நிரப்பினால் போதும் என்பவர்களுக்கு சாஃப்ட் ஸ்டார்ட்டர். பேட்டரி இல்லாமல் பூண்டு, கேரட்டுக்குப் பகல் முழுக்கப் பாய்ச்சுபவர்கள் கடன் வாங்கியாவது வி.எஃப்.டி. போடலாம்.