லாஷெனல் 48 பொத்தான் கான்செர்டினா: பளபளப்பை விடுங்கள், காற்றைப் பாருங்கள்

கான்செர்டினா என்பது இரு முனையிலும் பொத்தான்கள், நடுவே துருத்தி என்று இரு கைகளுக்கு நடுவே பிடித்து வாசிக்கும் சிறு வாத்தியம். நூறு வயது தாண்டிய கான்செர்டினாவை முதல் வாத்தியமாக வாங்கலாமா என்று கேட்டால், லண்டன் லாஷெனல் பட்டறையில் செய்த 48 பொத்தான் இங்கிலீஷ் வகையைத் தாராளமாக வாங்கலாம் என்றே சொல்வோம். மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்: ரீடு (காற்று பட்டு அதிர்ந்து ஒலி தரும் உலோக நாக்கு) எஃகில் இருக்க வேண்டும், ரீடுகள் பதித்த ரீடு பலகை சுருங்கியிருக்கக் கூடாது, துருத்தியில் காற்று ஒழுகக் கூடாது. இவை சரியாக இருந்தால் மேல்மரத்தில் உள்ள கீறலும் மங்கிப்போன மெருகும் பெரிய குறையே இல்லை. இவை சரியில்லாமல் பாலிஷ் மட்டும் பளபளத்தால், பழுது பார்க்கும் செலவு வாத்தியத்தின் விலையையே எட்டிவிடும்.

இந்த வாத்தியத்தை உருவாக்கியவர் சார்லஸ் வீட்ஸ்டன். பள்ளிக்கூட இயற்பியலில் வரும் வீட்ஸ்டன் சமனச்சுற்றின் பெயரில் இருப்பவர்தான். 1829-லும் 1844-லும் இதற்காகக் காப்புரிமை வாங்கினார். அவரிடம் வேலை செய்த சுவிட்சர்லாந்துக்காரர் லூயி லாஷெனல், 1858-ல் தனியாகத் தொழில் தொடங்கினார். மூன்றே ஆண்டில் அவர் இறந்துவிட்டார், ஆனால் நிறுவனம் 1930-கள் வரை ஓடியது. இயந்திரங்களை வைத்து ஏராளமாகச் செய்து தள்ளியதால் இன்று பிரிட்டனில் பழைய கான்செர்டினா தேடுகிறவர்கள் கண்ணில் அதிகம் படுவது இந்தப் பெயர்தான். பொத்தான்கள் இருக்கும் இரு முனை மரத்தட்டுகளில், ஒன்றின் நீள்வட்டத் துளையில் பெயரும் மற்றதில் வரிசை எண்ணும் இருக்கும். வீட்ஸ்டன் கம்பெனியின் விற்பனைப் பேரேடுகள் லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் இருப்பதால் அந்த வாத்தியங்களுக்குப் பெரும்பாலும் தேதி சொல்லிவிடலாம். லாஷெனலுக்கு அப்படிப் பேரேடு கிடையாது. எண்ணை வைத்துச் சொல்லும் வருடம் எல்லாமே உத்தேசம்தான். விற்பவர் ஒரே வருடத்தை அடித்துச் சொன்னால் அதற்காக ஒரு பவுண்டுகூட அதிகம் கொடுக்க வேண்டாம்.

ஆர்மோனியம் தொட்டவர்களுக்கு ஒலி பழக்கமானதாகவே இருக்கும். இரண்டிலும் காற்று பட்டு அதிர்வது உலோக ரீடுதான். வாசிக்கும் முறைதான் வேறு. இங்கிலீஷ் வகையில் துருத்தியை இழுத்தாலும் அழுத்தினாலும் ஒரு பொத்தானுக்கு ஒரே ஸ்வரம். ஆங்கிலோ என்ற இன்னொரு வகையில் மவுத் ஆர்கன் மாதிரி இழுக்கும்போது ஒன்றும் அழுத்தும்போது வேறொன்றும் வரும். கடையில் இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே தெரியும். கைப்பட்டையைப் பாருங்கள்: கட்டைவிரல் நுழையும் சிறு தோல் வளையமும் சுண்டுவிரலுக்கு உலோகத் தாங்கியும் இருந்தால் இங்கிலீஷ், புறங்கையைச் சுற்றிப் பிடிக்கும் நீளப் பட்டை இருந்தால் ஆங்கிலோ, அல்லது டூயட் என்ற மூன்றாவது வகை.

பக்கத்துக்கு 24 பொத்தான், நான்கு வரிசை. நடு இரண்டு வரிசையில் சி மேஜரின் ஸ்வரங்கள், அதாவது சி-யை ஸட்ஜமாக வைத்தால் சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரங்களும். ஓர வரிசைகளில் மற்றவை. ஸ்வரங்கள் இடது, வலது என்று மாறி மாறி வரும்: ஸ இடதில், ரி வலதில், க இடதில், ம வலதில், ப இடதில், த வலதில், நி இடதில். மேல் ஸ வலதில் விழுகிறது. அதனால் அடுத்த ஸ்தாயியில் எல்லாமே கை மாறிவிடும். புதிதாகக் கற்பவர்கள் தடுமாறுவது சரியாக இந்த இடத்தில்தான். மேற்கத்திய நொடேஷன் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னும் சுலபமான கணக்கு ஒன்று இருக்கிறது: கோட்டின் மேல் எழுதிய ஸ்வரம் இடது கை, கோடுகளுக்கு நடுவே எழுதியது வலது கை. ஸ-க-ப மூன்றும் ஒரே கையில் பக்கத்துப் பக்கத்தில் முக்கோணமாக அமைவதால் கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது) பிடிக்கவும் விரல் திண்டாடாது. ஸ்வரம் பொத்தானுக்குப் பொத்தான் நிலையாக நிற்பதால் கமகத்துக்கு இடமில்லை. இங்கிலாந்து நாட்டுப்புற மெட்டு, தேவாலயப் பாட்டு, நடன இசை ஆகியவைதான் இதன் சொந்த வீடு.

டி ஷார்ப்புக்கும் இ ஃபிளாட்டுக்கும் தனித்தனிப் பொத்தான் இருப்பதைப் பார்த்துப் பலர் குழம்புவார்கள். ஜி ஷார்ப்பும் ஏ ஃபிளாட்டும் அப்படித்தான். ஆரம்ப காலத்தில் இவை சற்றே வேறுபட்ட சுருதியில் இருந்தன. இப்போது பெரும்பாலான வாத்தியங்களில் இரண்டும் ஒன்றேதான், விரலுக்கு வசதியானதை அழுத்திக்கொள்ளலாம்.

இனி ரீடு. பித்தளை ரீடின் நாதம் மென்மையானது, வீட்டுக் கூடத்துக்குப் போதும். ஆனால் அழுத்தி வாசித்தால் சீக்கிரம் களைத்துச் சுருதி விலகும், சில சமயம் முறியும். எஃகு ரீடு சத்தமாகப் பேசும், பல்லாண்டு நிற்கும், துருதான் அதன் எதிரி. முதல்முறை வாங்குகிறவருக்கு எஃகையே பரிந்துரைக்கிறோம். ரீடைப் பார்க்கும்போது மஞ்சளாக இருந்தால் பித்தளை, நீலச் சாம்பலாக இருந்தால் எஃகு. நாக்கை மட்டும் பாருங்கள், அது உட்கார்ந்திருக்கும் சட்டம் இரண்டிலும் பித்தளைதான்.

கடையில் செய்ய வேண்டிய முதல் சோதனைக்குத் திருகாணி கழற்றத் தேவையில்லை. ஒரு பக்கப் பட்டையைப் பிடித்து, எந்தப் பொத்தானும் அழுத்தாமல் வாத்தியத்தைத் தொங்கவிடுங்கள், கீழ்ப் பக்கத்தின் அடியில் இன்னொரு கையைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல துருத்தி தயங்கித் தயங்கி இறங்கும். சர்ரென்று விழுந்தால் காற்று எங்கோ போகிறது. எங்கே என்பதுதான் விலையைத் தீர்மானிக்கும் கேள்வி. துருத்தி மூலைகளில் ஒட்டியிருக்கும் சின்னத் தோல் துண்டு பிய்ந்திருந்தால் ஒரு மணி நேர வேலை. துருத்தியின் மரச்சட்டத்துக்கும் ரீடு பலகைக்கும் நடுவே இடைவெளி விழுந்திருந்தால் கொஞ்சம் கூடுதல் வேலை. பேடு பலகை (பொத்தானை அழுத்தும்போது திறக்கும் தோல் மூடிகளான பேடுகள் இருக்கும் பலகை) பிளந்திருந்தால் அந்த வாத்தியத்தை விட்டுவிடுங்கள்.

அடுத்து, 48 பொத்தானையும் ஒவ்வொன்றாக, முதலில் அழுத்தும் திசையில், பிறகு இழுக்கும் திசையில் வாசியுங்கள். மொத்தம் 96 ரீடு, 96 சோதனை. பத்து நிமிடம் ஆகும், விற்பவர் அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள். மெதுவான காற்றில் அடி ஜி தயங்காமல் பேசுகிறதா? உச்சியில் உள்ள சின்ன ரீடுகள் காற்றுச் சத்தம் மட்டும் போடாமல் ஸ்வரமும் தருகின்றனவா? ஒரு பொத்தானை அழுத்தும்போது பக்கத்து ஸ்வரமும் மெல்லக் கேட்டால் ரீடு பலகையின் அறைச் சுவர்கள் மேலே உள்ள பேடு பலகையோடு சரியாக ஒட்டி உட்காரவில்லை என்று அர்த்தம்.

சுருதியையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். போனில் இருக்கும் டியூனர் போதும். பழைய லாஷெனல்களில் பல, ஏ 452 ஹெர்ட்ஸ் என்ற பழைய உயர் சுருதியில் இருக்கும். இன்றைய 440-க்கு இது ஏறக்குறைய 47 சென்ட் அதிகம், அதாவது அரை ஸ்வரத்தில் பாதி. தனியாக வாசிக்க இது தடையே இல்லை, சொல்லப்போனால் ஒலி இன்னும் கொஞ்சம் துலக்கமாகவே இருக்கும். கிதாரோடோ பியானோவோடோ சேர்ந்து வாசிக்கத்தான் முடியாது. மாற்ற வேண்டுமானால் 96 ரீடையும் அடிப்பக்கத்தில் அரம் போட்டுச் சுரண்ட வேண்டும். சுரண்டிய உலோகம் திரும்ப வராது. ஏற்கெனவே 440-க்கு மாற்றியதைக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்து வாங்குவது, 452-ல் நன்றாக இருப்பதை வாங்கி மாற்றுவதைவிட மேல். நீங்களே அரத்தை எடுக்கவே எடுக்காதீர்கள். இந்த ஒன்றில் மட்டும் நாங்கள் பிடிவாதக்காரர்கள்.

திறந்து பார்க்க அனுமதி கிடைத்தால் திறக்கும் முறை இதுதான். பக்கத்துக்கு ஆறு திருகாணி. திருகாணித் தலையின் காடியில் இறுக்கமாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரையே எடுக்க வேண்டும், ஒல்லியானதை வைத்தால் தலை வழுக்கிச் சிதைந்துவிடும். கட்டைவிரல் பட்டையையும் சுண்டுவிரல் தாங்கியையும் பிடித்திருக்கும் திருகாணிகளைத் தொடாதீர்கள். ஆறையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஓர் அட்டையில் அறுகோணம் வரைந்து, ஆறு ஓட்டை போட்டு, எடுத்த திருகாணியை அதனதன் ஓட்டையில் குத்திவையுங்கள். ஒவ்வொன்றும் தன் பழைய துளையோடு பழகித் தேய்ந்தது, இடம் மாற்றினால் சிலது இறங்காது, சிலது மரையைக் கெடுக்கும். திருகாணிகள் வந்தபின் மரத்தட்டும் பேடு பலகையும் சேர்ந்தே மேலே வந்துவிடும். ரீடு பலகை துருத்திக்குள் செருகி நிற்கும். அதன் நடுவில் விரல் நுழையும் வட்டத் துளையில் விரலை விட்டு நேராகத் தூக்குங்கள். லேசான எதிர்ப்போடு வர வேண்டும். தானாகவே கழன்று கையில் விழுந்தால் பலகை சுருங்கியிருக்கிறது. ஒவ்வொரு ரீடின் பக்கத்திலும் ஸ்வரத்தின் எழுத்து பொறித்திருக்கும். எடுக்குமுன் பலகையின் எந்த முனை எந்தப் பக்கம் பார்த்தது என்று பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் மூடும்போது நிம்மதி.

அறைகள் இருக்கும் பக்கத்து ரீடு இழுக்கும்போது பேசுவது, துருத்தியை நோக்கிய பக்கத்து ரீடு அழுத்தும்போது பேசுவது. இது தெரிந்தாலே பாதி பழுது கண்டுபிடித்த மாதிரி. ஒரு ஸ்வரம் ஒரு திசையில் மட்டும் ஊமையானால் அந்தப் பக்கத்து ரீடில் தூசியோ நூலோ மாட்டியிருக்கும். நாக்கின் நுனியை ஊசியால் மயிரிழை தூக்கி, மெல்லிய தாளை அடியில் விட்டு ஒருமுறை இழுத்தால் போதும். வாயால் ஊதாதீர்கள், மூச்சின் ஈரம் எஃகைத் துருப்பிடிக்க வைக்கும். ஈரக் காலத்தில் ரீடு நறநறத்தால் பெரும்பாலும் மரம் ஊறிச் சட்டத்தை நெருக்கியிருக்கும், நாக்கு சுவரை உரசுகிறது. ரீடைச் சட்டத்தோடு ஒரு மில்லிமீட்டர் வெளியே தளர்த்துங்கள், நின்றுவிடும். வறண்ட காலத்தில் அதே நறநறப்பு வந்தால் காரணம் நேர்மாறானது: சட்டம் செருகியிருக்கும் காடி தளர்ந்து சட்டமே ஆடுகிறது. லேசாக உள்ளே தள்ளுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் சட்டத்தின் பக்கவாட்டில் ஒரு தாள் கீற்று வையுங்கள். பசை போடக் கூடாது.

பொத்தானை விட்ட பிறகும் ஸ்வரம் அடங்காமல் ஒலித்தால், ஸ்பிரிங் கொக்கி நழுவியிருக்கலாம், பொத்தான் ஓட்டையில் சிக்கியிருக்கலாம், அல்லது பேடின் தோல் காய்ந்து விறைத்திருக்கலாம். எண்ணெய் விட்டால் ஃபெல்ட் ஊறி இன்னும் இறுகும், விடவே வேண்டாம். ஸ்வரத்துக்கு முன்னால் ஒரு "ஹுஃப்" சத்தம் வந்தால் ரீடின் மறுபக்கத் துளையை மூடும் தோல் வால்வு சுருண்டிருக்கிறது. பேடு 48, வால்வு 96. பாதிக்கு மேல் கெட்டிருந்தால் மொத்தமாக மாற்றிவிடுவது நல்லது. புதிதும் பழையதும் கலந்தால் ஒவ்வொரு ஸ்வரமும் ஒவ்வொரு வேகத்தில் பதில் சொல்லும். மூடும்போது எதிர் எதிர் திருகாணிகளாக, விரல் நுனிப் பிடியில் நிற்கும் வரை மட்டும் முறுக்குங்கள்.

வாசிக்க ஆரம்பிக்கும்போது ஒரு பக்கத்தைத் தொடையின் மேல் நிலையாக வைத்து, மறு பக்கத்தை மட்டும் விசிறி விரிவது போலத் திறக்க வேண்டும். துருத்தியின் மடிப்பு தொடையில் உரசினால் முதலில் தேய்வது மடிப்பின் விளிம்புத் தோல்தான். கட்டைவிரலைப் பட்டையில் முதல் மூட்டு வரை மட்டும் நுழைத்துக்கொள்ளுங்கள். முழுக்க விட்டால் ஆள்காட்டி விரல் மேல் பொத்தான்களுக்கு எட்டாது. பெரும்பாலான இங்கிலீஷ் வகையில் காற்றை மட்டும் விடத் தனிப் பொத்தான் இல்லை. ஏதாவது ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டுதான் மூட வேண்டும். அழுத்தாமல் பலவந்தமாக மூடினால் மடிப்புகளும் மூலைத்தோலும் கிழியும். முதல் இரண்டு வாரம் மெட்டு வேண்டாம். ஒவ்வொரு ஸ்வரத்தையும் நாலு எண்ணிக்கைக்கு ஒரே அளவு காற்றில் நிறுத்தி, திசை மாறும் இடம் காதில் படாத வரை பழகுங்கள்.

புதிதாகவே வேண்டும் என்பவர்களுக்கு கான்செர்டினா கனெக்‌ஷனின் ஜாக்கி என்ற மாடல் இருக்கிறது. 30 பொத்தான், அக்கார்டியன் வகை ரீடு, கவலையில்லாத துருத்தி. பழுதுக்கு ஆள் கிடைக்காத ஊரில் இருப்பவருக்கு அதுவே சரி. ஆனால் நன்றாகச் சீர்செய்த லாஷெனலில் ஒரு ஸ்வரம் தொட்டவுடன் எழும் கூர்மை அதில் வராது.

ஈரப்பதம் 45-லிருந்து 55 சதவீதத்துக்குள் இருந்தால் மரம் நிம்மதியாக இருக்கும். பிரிட்டனின் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையில் காற்று மிகவும் வறண்டுவிடும், ரீடு பலகை சுருங்குவது அப்போதுதான். சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ எடுத்துப்போனால் கதை திரும்பும்: மரம் ஊறும், கடல்காற்றில் எஃகு துருவேறும். பெட்டிக்குள் சின்ன ஈரப்பத மானி ஒன்றைப் போட்டுவையுங்கள். சிலிக்கா ஜெல் பையை அளவில்லாமல் போட்டால் அதுவே மரத்தைச் சுருக்கிவிடும்.

கடைசியாக, கூடவே வரும் பழைய அறுகோணப் பெட்டி. பார்க்க அழகு, ஆனால் அதில் வாத்தியம் ஒரு பக்கத்தின் மேல் செங்குத்தாக நிற்கிறது. அப்படி நின்றால் இரண்டு ரீடு பலகையிலும் பாதி வால்வுகள் கீழ்நோக்கித் தொங்கி, நாளடைவில் சுருண்டுவிடும். வாசிக்கும் நிலையில் எப்படி இருக்கிறதோ அப்படியே, துருத்தி மூடிய நிலையில், படுக்கைவாட்டில் வைக்கும் செவ்வகப் பெட்டி ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். உள்ளே இரு முனையிலும் மெத்தை வைத்த கட்டை, துருத்தி விரியாத அளவுக்கு மட்டும் இறுக்கம். பழைய பெட்டியைத் தூக்கி எறியாமல் தனியே வைத்திருங்கள், விற்கும் நாளில் அதற்கும் ஒரு விலை உண்டு.