மூன்று நிமிடச் சுறாவும் நாற்பது நிமிடச் சுறாவும்

காசிமேட்டு ஏலத்தில் பால் சுறாவையும் சுத்தியல் தலைக் கொம்பன் சுறாவையும் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே பார்த்து வளர்ந்தவன் நான். தெருவில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் சுறாப்புட்டு மணக்கும். அப்படிப்பட்டவன், நீந்துகிற சுறாவைப் பார்க்கச் சம்பளப் பணம் சேர்த்து விமானம் ஏறுகிறேன் என்றதும் எதிர்வீட்டில் வலை பழுதுபார்க்கும் பெரியவர் சிரித்துவிட்டார். "விடியற்காலையில் துறைமுகத்துக்கு வா தம்பி, காசில்லாமல் காட்டுகிறேன்."

இரண்டு பயணம் முடிந்துவிட்டது. மூன்றாவதற்கு எந்தச் சுறா என்று, காற்றுச் சிலிண்டரோடு கடலுக்கடியில் நீந்தும் ஸ்கூபா நண்பர்களிடையே வாதம் வந்தபோது, யாரும் எதிர்பாராத பெயரைச் சொன்னேன்: பவளப்பாறை இடுக்கில் படுத்துக் கிடக்கும் வெண்முனைச் சுறா. முதுகுத் துடுப்பிலும் வாலிலும் நுனி மட்டும் சுண்ணாம்பில் தோய்த்ததுபோல் வெளுத்திருக்கும், ஐந்தடிச் சுறா.

பிரம்மாண்டம் என்றால் திமிங்கலச் சுறாவுக்குப் போட்டியே இல்லை. உலகின் மிகப் பெரிய மீன், ஆளைத் தொடாது, மிதவை உயிர்களை வடிகட்டித் தின்னும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. மாலத்தீவின் தெற்கு அரி தீவுக்கூட்டத்தில் ஆண்டு முழுவதும் வருகிறது. நான் பார்த்ததும் அங்கேதான். படகிலிருந்து "குதி" என்று கத்தினார்கள், குதித்தேன். இன்னும் நான்கு படகு ஆட்களும் கூடவே குதித்தார்கள். சோம்பலாக நகர்வதுபோல் தெரிந்த அந்த உடம்பை என்னால் எட்டவே முடியவில்லை. சுறாவைவிட முன்னால் போனவரின் பாதங்களைத்தான் அதிகம் பார்த்தேன். மொத்தம் மூன்று நிமிடம் இருக்கலாம்.

அன்று இரவுதான் இந்தக் கணக்கைப் போட ஆரம்பித்தேன். ஒரு சிலிண்டர் காற்றுக்கு எத்தனை நிமிடம் சுறாவின் முன்னால் இருக்க முடிகிறது? 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பினால் ஏறக்குறைய 2,400 லிட்டர் காற்று. பத்திரமாக மேலே வர 50 பார் ஒதுக்கினால் கையில் 1,800. கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கும் ஒருவருக்கு 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பதால் 40 லிட்டர் செலவாகும்: 45 நிமிடம். 30 மீட்டரில் நான்கு மடங்கு, 80 லிட்டர்: 22 நிமிடம். பயந்து மூச்சு வாங்கினால் அதிலும் குறையும். காற்று மிச்சமிருந்தாலும், ஆழத்தில் உடம்பில் கரைந்து சேரும் நைட்ரஜன் அதிக நேரம் இருக்க விடாது. நாங்கள் படித்த அட்டவணைப்படி அந்த ஆழத்தில் 20 நிமிடம்தான் எல்லை.

கொம்பன் சுறா இந்தக் கணக்கில்தான் தோற்கிறது. அது கூட்டமாகச் சுற்றும் கோக்கோஸ் தீவுக்கு, கோஸ்டாரிகா கரையிலிருந்து படகில் ஒன்றரை நாள். நான் போனதில்லை; போய்வந்தவர்கள் கண்கள் பளபளக்கப் பேசுகிறார்கள், அதை மறுக்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஆழத்தில், நீரோட்டத்தில், பாறையைப் பற்றிக்கொண்டு காத்திருக்கும் நேரமும் என் சிலிண்டரிலிருந்துதான் போகும். வேங்கைச் சுறாவுக்கு ஒரு வரி போதும்: மீன் தலையைக் காட்டி வரவழைத்துப் பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை.

திரெஷர் சுறா கொஞ்சம் தடுமாற வைத்தது. உடம்பில் பாதி வால்தான். அதைச் சாட்டையாய் வீசி மத்தி மீன்களை அடித்து மயக்கும். பிலிப்பைன்ஸின் மலபாஸ்குவா தீவில் விடியும் முன் கிளம்பினால், ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும் துப்புரவு மீன்களிடம் உடம்பைக் காட்டக் கடலடி மேட்டுக்கு வரும். டார்ச், பிளாஷ் எதுவும் கூடாது. வந்தது, ஒரு வட்டம் போட்டது, மறைந்தது. ஒரு காலைதான் போனேன் என்பதால் என் தீர்ப்பு அவசரமானதாக இருக்கலாம்.

வெண்முனைக்கு வருகிறேன். நீந்திக்கொண்டே இருந்தால்தான் மூச்சு என்ற கட்டாயம் இதற்கில்லை. வாயசைத்தே செவுளுக்கு நீரை இறைத்துக்கொள்ளும். இரவெல்லாம் பாறைச் சந்துகளில் தலையை நுழைத்து வேட்டை, பகலெல்லாம் உறக்கம். மாலத்தீவில் 12 மீட்டர் ஆழத்தில், ஒரே பாறைக்கடியில் மூன்று, பந்தலுக்கடியில் நாய்க்குட்டிகள்போல் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. சற்றுத் தள்ளி மணலில் அசையாமல் இருந்தேன். செவுள் திறந்து மூடுவதை எண்ண முடிந்தது. பூனையுடையதைப் போன்ற கண், மூக்கோரம் தொங்கும் சின்னத் தோல் மடல், எல்லாம் பார்த்தேன். சுறாவின் முகம் என்று ஒன்று இருப்பதே, ஏலத்தில் ஆயிரம் சுறாக்களைப் பார்த்த எனக்கு அன்றுதான் தெரிந்தது. நாற்பது நிமிடம்.

வீடியோவைப் பெரியவரிடம் காட்டினேன். "இதற்கு வலையே வேண்டாமே, கூடையில் அள்ளலாமே" என்றார். அள்ளக்கூடியதுதான். மாலத்தீவு 2010இல் சுறாப் பிடிப்பையே தடை செய்துவிட்டது என்றேன். பதில் சொல்லாமல் வலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

குறை இல்லாமல் இல்லை. படம் எடுத்தால் எடுபடாது. கல்லுக்கடியில் சாம்பல் நிறக் கட்டை. கூட வந்த நண்பர் பத்தாவது நிமிடமே சலித்துப்போய் ஆமையைத் தேடிப் போனார். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் போவேன் என்பவர் திமிங்கலச் சுறாவையே பார்த்துவிட்டு வரட்டும், வாதாட மாட்டேன்.

எனக்கு ஜனவரிக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. உடம்பில் ஏறிய நைட்ரஜன் வெளியேற, கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே 18 மணி நேரமாவது விட வேண்டும் என்பதால் மாலே நகரில் ஒரு நாள் சும்மா இருப்பேன். பெரியவர் மாசிக் கருவாடு வாங்கிவரச் சொல்லியிருக்கிறார்.