உப்புக்காத்து வீட்டில் எது தாங்கும்? பல வருடம் புழங்கிய சமையலறைச் சாமான்களும் கைப்பக்குவங்களும்

ஸ்டவ்வோடு தருகிற கேரண்டி அட்டை மதுரைக்கும் மண்டபத்துக்கும் ஒன்றுதான். ஸ்டவ்வுக்கு மட்டும் வித்தியாசம் தெரியும். மதுரையில் வருடக்கணக்கில் அசையாமல் நிற்கிற பர்னர் ஸ்டாண்டு, எங்கள் ராமநாதபுரக் கடற்கரையில், கீழக்கரையிலோ தொண்டியிலோ இரண்டு மூன்று ஆடி கண்டதும் செதில் செதிலாக உதிரும். அதனால் கடல் இல்லாத ஊர்களுக்காக எழுதுகிற வீட்டுக் குறிப்புகளில் பாதி இங்கே பலிப்பதில்லை. சில குறிப்புகள் கெடுதலே செய்யும்.

முதலில் காற்று. ஆடியில் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தென்கடல் பார்த்த ஜன்னலிலும், மார்கழியில் வாடைக்கு வடகடல் பார்த்த ஜன்னலிலும் விரலை ஓட்டினால் பிசுபிசுக்கும். அதை நக்கிப் பார்த்தால் உப்பு. பகலில் காய்ந்து சும்மா கிடக்கிற இந்தப் படிவம், ராத்திரி ஈரம் ஏறியதும் தண்ணீரை இழுத்து உப்புக் கரைசலாகிறது. துரு ஏறுவது அந்த நேரத்தில். அதனால் அடுப்படியைத் துடைக்க வேண்டியது காலையில் இல்லை, படுக்கப் போகும் முன். நல்ல தண்ணியில் பிழிந்த துணி ஒன்று, பின்னாலேயே காய்ந்த துணி ஒன்று. போர் தண்ணியில் நனைத்துத் துடைத்தால் உப்பை எடுத்துவிட்டு உப்பைப் பூசியதாக முடியும். ஒரு சொம்பு நல்ல தண்ணி போதும். குடிதண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிற வீட்டிலும் இந்தச் சொம்பை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஸ்டவ்வில் பித்தளை பர்னருக்குத்தான் என் ஓட்டு. அலுமினியக் கலவை பர்னர் விலை குறைவு, ஆனால் வெள்ளைப் பொடி பூத்து, துளைகளின் விளிம்பு அரித்து, தீ ஒரு பக்கமாகச் சாயும். கண்ணாடி மேல்தளம் பார்க்க அழகு, துடைக்கவும் சுலபம். ஆனால் அதைக் கவிழ்த்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அடியில் குழாயைத் தாங்குகிற பட்டையும் திருகுகளும் சாதா இரும்பாக இருந்தால், மேலே கண்ணாடி மின்னிக்கொண்டிருக்கும்போதே கீழே ஆட்டம் கண்டுவிடும். கடையிலேயே திருகுகளை ஸ்டெயின்லெஸ் திருகாக மாற்றித் தரச் சொல்லுங்கள்.

ஸ்டீல் என்று சொன்னால் மட்டும் போதாது. தர எண்ணையும் பார்க்க வேண்டும். 304 என்றால் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள். கரையோரத்தில் தேநீர்க் கறை மாதிரி பழுப்புப் புள்ளி முதலில் விழுவது அதில்தான். காந்தத்தை ஒட்டிப் பார்த்துத் தரம் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். 202-இலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது, ஆகவே அந்தச் சோதனை வீண். 304 கூட உப்பு தங்குகிற இடுக்கில் குழி விழும். தட்டு மடங்குகிற ஓரம், கைப்பிடி ரிவிட்டின் அடி, ஸ்டவ் மூலை, இவைதான் முதலில் போகும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கு மாற்றாக 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில், இணைப்புகளை வெல்டிங் செய்ததும் ஸ்டெயின்லெஸ் கம்பி போட்டதும் இதே உப்புக்குப் பயந்துதான். பாலத்துக்கே அப்படி என்றால் வாணலி எம்மாத்திரம்! ரிவிட் வைத்த பாத்திரமா, வெல்டிங் வைத்த பாத்திரமா என்றால் இங்கே வெல்டிங் பக்கம் போங்கள். ஸ்டீல் சிங்கில் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றி ஊற விடுவதையும் நிறுத்துங்கள், குளோரின் அதைக் குழி குழியாகத் தின்னும்.

தீ ஆரஞ்சாக எரிந்தால் உடனே பர்னர் அடைப்பு என்று ஊசியைத் தேடுகிறவர்கள் அதிகம். கடற்கரையில் அது பாதி நேரம் தப்பு. காற்றிலும் பர்னர் மேலும் இருக்கிற உப்பின் சோடியம் தீயில் பட்டாலே மஞ்சளும் ஆரஞ்சும் தெறிக்கும். வித்தியாசம் காண வழி இருக்கிறது: அடைப்பு என்றால் தீ சோம்பலாக நீண்டு ஆடும், பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கும். உப்பு என்றால் தீ கட்டாக, நேராகவே நிற்கும், நிறம் மட்டும் மினுக்கும், கரி பிடிக்காது. உப்புத்தண்ணியில் கழுவி மாட்டிய பர்னர் முதல் சில நிமிடம் இப்படித்தான் விளையாடும்.

உண்மையிலேயே அடைப்பு என்றால் பித்தளை பர்னரைப் புளித்தண்ணியில் கால் மணி நேரம் ஊற வைத்து, தேங்காய் நாரால் தேய்த்து, கடைசி அலசல் நல்ல தண்ணியில் கொடுத்து, வெயிலில் கவிழ்த்து வையுங்கள். துளை குத்தத் தென்னை ஈர்க்குதான் சரி. இரும்பு ஊசி துளையைப் பெரிதாக்கிவிடும். ஈர்க்கு உள்ளே ஒடிந்தாலும் எரிந்து போகும். அலுமினியக் கலவை பர்னரைப் புளியில் ஊறப்போடாதீர்கள், கறுத்து அரிக்கும். கேஸ் பீய்ச்சி வருகிற ஜெட்டில் மட்டும் கை வைக்க வேண்டாம், அது மெக்கானிக் வேலை.

சிலிண்டரின் அடி வளையம் ஈரத் தரையில் நின்றால் தரையில் ஒரு செம்மண் வட்டம் வரைந்துவிட்டுப் போகும். பிளாஸ்டிக் தள்ளுவண்டி வைத்தால் போதும், இரும்புத் தள்ளுவண்டி தானும் துருவேறி நிற்கும். ரப்பர் குழாயை 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது கடல் இல்லாத ஊருக்கும் பொருந்தும் விதி. இங்கே அதோடு குழாயின் இரு முனைக் கிளிப்புகளையும் பாருங்கள், குழாய் நன்றாக இருக்கும்போதே கிளிப்பு இற்றிருக்கும்.

அருவாமனையும் தோசைக்கல்லும் கார்பன் இரும்பு, அவற்றுக்கு ஒரே மருந்து எண்ணெய். மீன் அறுத்ததும் அருவாமனையை முதலில் பச்சைத் தண்ணியில் கழுவ வேண்டும். வெந்நீர் ஊற்றினால் ரத்தமும் கவிச்சியும் வெந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு குழம்புக்குக் கரைத்த புளியின் சக்கையால் ஒரு தேய். மீன் நாற்றத்துக்குக் காரணமான அமீன்கள் காரத்தன்மை கொண்டவை, புளி அதை அடக்கும். கைக்கும் பலகைக்கும் அதே சக்கைதான். புளி பட்ட இரும்பை அப்படியே விட்டால் கறுக்கும். நல்ல தண்ணி, துணி, இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் என்று மூன்றும் அடுத்தடுத்து நடக்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு தொந்தரவுகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று உவர்ப்பு, இன்னொன்று கடினத்தன்மை. கொதிக்க வைத்தால் கடினத்தன்மையில் ஒரு பகுதி சுண்ணாம்பாக அடியில் படியும். உவர்ப்போ தண்ணீர் வற்ற வற்றக் கூடும். படிகாரம் கலங்கலைத்தான் தெளிய வைக்கும், உப்பைத் தொடாது. குடிதண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றும், வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தரநிர்ணயம் சொல்கிறது. கையடக்க டிடிஎஸ் மீட்டர் ஒன்று தெருவுக்கு இருந்தால்கூடப் போதும். மழை முடிந்த தையிலும் கோடை உச்ச வைகாசியிலும் அதே கிணற்றைப் பாருங்கள், எண் மாறும்.

கெட்டிலிலும் வெந்நீர்ப் பானையிலும் பிடித்த வெள்ளைப் பொருக்குக்கு எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம்: லிட்டர் தண்ணிக்கு ஒரு மேசைக்கரண்டி, கொதி வந்ததும் அணைத்து அரை மணி நேரம் விடுங்கள். நுரைத்து வந்தால் சுண்ணாம்பு, கரைந்துவிடும். நுரையே வராத பொருக்கு என்றால் அது ஜிப்சம் வகை. அதன் மேல் எவ்வளவு எலுமிச்சை ஊற்றினாலும் வீண், தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். குக்கரின் உட்பக்கம் கறுக்கிறதென்றால் வெளித்தண்ணியில் சுளை பிழிந்த எலுமிச்சைத் தோல் ஒன்றைப் போடுங்கள். இது எல்லா ஊரிலும் சொல்கிற குறிப்புதான், ஆனால் இங்கே உண்மையிலேயே தேவைப்படுகிறது.

பருப்பு வேகவில்லை என்று பருப்பைத் திட்டிப் பயனில்லை. கடினத் தண்ணியிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் பெக்டின் என்ற பசையோடு சேர்ந்து தோலை இறுக்கிவிடும். ஊற வைப்பதும் வேக வைப்பதும் நல்ல தண்ணியில் நடந்தால் சோடா மாவு வேண்டியதில்லை. சோடா போட்டால் வெந்துவிடும், தயமின் (வைட்டமின் பி1) சத்து போய்விடும். புளியைப் பருப்பு வெந்த பிறகு ஊற்றுங்கள்.

ஆர்ஓ கழிவுத் தண்ணியை வீணாக்க மனம் வராது. கழிப்பறைக்கு ஊற்றலாம். அதில் தரை துடைத்தால் உப்பு தரையில் தங்கி, ராத்திரி கால் பிசுபிசுக்கும். கறிவேப்பிலைக்கு ஊற்றினால் இலை ஓரம் கருகும்.

இனி உப்பு. வாலிநோக்கத்து அளத்தில் உப்பு விளைகிற மாவட்டத்தில் கல்லுப்பு ஜாடிக்குள் தண்ணி விடுகிறது என்று புலம்புவது வேடிக்கைதான். சுத்தமான சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கரையத் தொடங்கும். கல்லுப்போடு ஒட்டி வருகிற மக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே தண்ணி இழுக்கும். இங்கே காற்று அவ்வளவு வறண்ட நாள் அபூர்வம். உப்பில் பத்து அரிசிமணி போட்டு வைப்பது கடல் இல்லாத ஊர்க் குறிப்பு. இந்தக் காற்றில் ஒரு வாரம் தாங்காது, அரிசிதான் ஊறிக் கிடக்கும். வாணலியில் வறுத்தாலும் மக்னீசியம் அங்கேயேதான் இருக்கும்.

பலிக்கிற வழி, கசிகிற தண்ணியை உப்பிலிருந்து பிரித்துவிடுவது. பீங்கான் ஜாடியின் அடியில் கண் திறந்த கொட்டாங்குச்சி ஒன்றைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் உப்பைக் கொட்டுங்கள். கசிவு கண் வழியாகவும் ஓரம் வழியாகவும் அடியில் இறங்கும், மேலே உப்பு பொலபொலவென்று நிற்கும். மாதம் ஒருமுறை அடித் தண்ணியைக் கொட்டிவிடலாம். அதை நாக்கில் வைத்தால் கசக்கும், அந்தக் கசப்புதான் மக்னீசியம். உப்புக்கு எவர்சில்வர் டப்பா கூடாது, உள்ளே கரண்டியை விட்டு வைக்கவும் கூடாது. மரக்கரண்டியோ கொட்டாங்குச்சி அகப்பையோ போதும்.

முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அதைப் பத்திரப்படுத்துவதில்தான் நீள மிளகாய்ப் பழக்கம் காலை வாரும். முண்டு உருண்டை, தோல் தடிப்பு. வெளியே சருகாகக் காய்ந்தது போலிருக்கும், உள்ளே காம்படியில் ஈரம் நிற்கும். காதருகே வைத்துக் குலுக்கினால் விதை கலகலவென்று ஓட வேண்டும். சத்தம் மந்தமாக இருந்தால் இன்னும் இரண்டு வெயில் வேண்டும். மூட்டை வாங்கும்போது மேலிருந்தும் நடுவிலிருந்தும் நாலைந்தை எடுத்து உடைத்துப் பாருங்கள். உள்ளே சாம்பல் தூள் மாதிரி பூத்திருந்தால் அது பூஞ்சணம். வெயிலில் போட்டால் சரியாகாது, அந்தக் காய்களை எறிய வேண்டியதுதான்.

மிளகாய்த்தூளில் வண்டு வராமல் இருக்க அரைக்கும்போது கைப்பிடி கல்லுப்பு சேர்ப்பது நல்ல குறிப்பு என்று எங்கும் சொல்வார்கள். இங்கே அதைச் செய்தால் ஐப்பசி மழைக்குத் தூள் கட்டி கட்டியாகத் திரளும். மில்லிலிருந்து சூடாக வருகிற தூளைத் தாளில் பரப்பி ராத்திரி ஆற விடாமல், நாலைந்து மணி நேரத்தில் சூடு தணிந்ததும் பொழுது சாய்வதற்குள் நிரப்புங்கள். ஒரு மாதத்துக்கானது வெளியே, மிச்சம் காற்றுப் புகாத டப்பாவில் பிரிட்ஜில். எடுத்தால் டப்பா வெளிச்சூட்டுக்கு வந்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளேயே வியர்க்கும்.

கருவாட்டுக்கும் இதே பாடம்தான். நெத்திலியை ஒடித்தால் படக்கென்று சத்தம் வரணும். வளைந்தால் இன்னும் ஈரம். வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு ஜாடியில் அடைத்தால் மூடியின் அடியில் முத்து முத்தாகத் தண்ணி கோக்கும், பத்து நாளில் பூஞ்சணம். நிழலில் ஆறிய பின் அடையுங்கள். பங்குனி முதல் ஆவணி வரை ஓலைப்பெட்டி அருமையாக உழைக்கும், காற்றோட்டம் இருப்பதால் வியர்வை இல்லை. வாடை தொடங்கியதும் கண்ணாடி ஜாடிக்கு மாற்றிவிட வேண்டும். உப்புக் கருவாட்டில் இளஞ்சிவப்புப் படிவம் தெரிந்தால் அது உப்பிலும் வாழ்கிற நுண்ணுயிர். கழுவி வறுத்துப் பார்க்கலாம் என்ற ஆசை வேண்டாம்.

சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியை முன்பு விறகடுப்பின் மேலே ஓலைக் கொட்டானில் கட்டித் தொங்க விட்டார்கள், புகையும் சூடும் ஈரத்தை நெருங்க விடவில்லை. கேஸ் அடுப்புக்கு மேலே தொங்க விட்டால் சாதம் வேகிற ஆவி பட்டு ஒழுகும். இப்போது அதற்கு வாய் இறுகிய பாட்டில்தான் இடம்.

மின்சாமான்களில் மிக்ஸியைச் சொன்னால் போதும். அடியிலுள்ள திருகுகள் துருப்பிடித்துக் கழலாமல் போவதுதான் வழக்கமான முடிவு; வாங்கிய வாரமே ஒருமுறை கழற்றி கிரீஸ் தடவி மாட்டுங்கள். ஜாடியைக் கழுவியதும் கவிழ்த்து வைத்து, பிளேடு அச்சில் வாரம் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விடுங்கள். பிளக்கின் பித்தளைப் பின்னில் பச்சை பூத்திருந்தால் அப்படியே சொருகக் கூடாது, தொடர்பு சரியாகப் பிடிக்காமல் சூடேறி சாக்கெட் உருகும். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, பின்னை உப்புத்தாளால் தேய்த்து, காய்ந்த துணியால் துடைத்து, பளபளப்பு தெரிந்த பிறகு மாட்டுங்கள். ஒரு மாதத்தில் திரும்பவும் பச்சை வந்தால் கோளாறு பிளக்கில் இல்லை, சாக்கெட்டுக்குள் இருக்கிறது. எலக்ட்ரீஷியனை விட்டு சாக்கெட்டையே மாற்றுங்கள். கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே இருந்தால் இடத்தையும் சேர்த்து.